ஹைட்ரஜன் சிலிண்டரை மூடிவிட்டுக் கொஞ்சம் துறைமுகம் வரை வாருங்கள்

காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி, சிதம்பரம் என்று நம் வட்டாரத்துப் பல்கலைக்கழகங்களிலும், இடையில் நெடுஞ்சாலையோரம் நிற்கும் பொறியியல் கல்லூரிகளிலும் எரிபொருள் மின்கலங்களுக்கான மின்வாய் (எலக்ட்ரோடு) பொருள்களை ஆராயும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். கடலூர் முதுநகரில் என் தம்பி எஞ்சின் ரிப்பேர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். இப்போதெல்லாம் பகல் பொழுது அங்கேதான் போகிறது. படகு எஞ்சின், ஜெனரேட்டர், டூவீலர் எல்லாம் வரும். புகை எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்தே பாதி வியாதியைச் சொல்லிவிடும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தப் புகையைப் பற்றித்தான் இந்த மடல்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் புகையில் வீணாகும் ஆற்றலை மின்சாரமாக மீட்கும் கலம் என்று நீங்கள் எழுதும் ஆய்வறிக்கைகளில், மின்வாய்ப் பொருளை எஞ்சின் புகையிலேயே வைத்துப் பாருங்கள். முழுக் கலம்கூட வேண்டாம். பொருளின் வில்லைகளை எங்கள் ஊர்ப் படகுகளிலும் ஜெனரேட்டர்களிலும் மாதக்கணக்கில் புகையில் தொங்கவிட்டு, எடுத்துப் பார்த்து, எது பிழைத்தது எது செத்தது என்று வெளியிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இதை எழுதத் தூண்டியது ஒரு கருத்தரங்கம். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. ஒரு மாணவி அழகாகப் பேசினார். தலைப்பிலேயே எஞ்சின் புகை இருந்தது. படங்கள், வரைபடங்கள், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிவாட் என்ற கணக்கு எல்லாம் இருந்தன. கலத்துக்குள் விட்ட வாயு மட்டும் சிலிண்டரில் வாங்கிய ஹைட்ரஜன், கொஞ்சம் ஈரம் சேர்த்தது. எஞ்சினில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “இல்லை சார், புகை ரொம்ப அழுக்கு, செல் போயிடும்” என்றார். உண்மையைச் சொன்ன பெண், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அழுக்குதானே ஆராய்ச்சிப் பொருள்? அதை வாசலிலேயே நிறுத்திவிட்டால் உள்ளே மிச்சம் என்ன இருக்கிறது?

துறைக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சினில் ஊற்றும் எரிபொருளின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சூடாகப் புகைவழியே போய்விடும். அதோடு சரியாக எரியாத கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், ஹைட்ரோகார்பன்களும் போகும். இவை இன்னும் எரியக்கூடிய பொருள்கள், அதாவது எரிபொருளின் மிச்சம். திட ஆக்சைடு எரிபொருள் மின்கலம் வேலை செய்ய இரண்டு வேண்டும்: சில நூறு டிகிரி சூடு, எரியும் வாயு. புகையில் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. கலத்தின் நடுவில் ஆக்சிஜன் அயனியை மட்டும் கடத்தும் செராமிக் அடுக்கு இருக்கும். ஒரு பக்கத்து மின்வாயான கேத்தோடு ஆக்சிஜனைப் பிடித்து அயனியாக்கி அந்த அடுக்குக்குள் அனுப்பும். மறுபக்கத்து ஆனோடில் அது எரிபொருளோடு சேரும். எலக்ட்ரான்கள் வெளியே கம்பிவழியாகச் சுற்றி வரும். அதுதான் மின்சாரம்.

வழக்கமான கலத்தில் எரிபொருளுக்கு ஓர் அறை, காற்றுக்கு ஓர் அறை, நடுவில் கசியாத அடைப்பு. அந்த அடைப்புதான் பெரிய தலைவலி. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கடைசியில் அதில்தான் விரிசல் விடும். ஜப்பானில் ஹிபினோ குழு 2000-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வேறு வழி காட்டியது: எரிபொருளும் காற்றும் கலந்த ஒரே வாயுவில் இரண்டு மின்வாய்களையும் வைத்தார்கள். ஆனோடுக்கு எரிபொருள்மேல் மட்டும் ஈர்ப்பு, கேத்தோடுக்கு ஆக்சிஜன்மேல் மட்டும் ஈர்ப்பு என்று பொருள்களைத் தேர்ந்தெடுத்தால் அறை பிரிக்கவே வேண்டாம். புகையும் அப்படிப்பட்ட கலவைதானே? அதே குழுவினர் 2008-இல் மோட்டார் சைக்கிள் புகையில் கலங்களை அடுக்கி மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். ஒரு சின்ன பல்பு எரியும் அளவுதான் வந்தது. ஆனாலும் அவர்கள் மோட்டார் சைக்கிளிடம் போனார்கள் என்பதைக் கவனியுங்கள்.

புதுச்சேரி நண்பர்களுக்கு ஒரு சேதி. பிரான்சில் செயிண்ட் எத்தியேன் நகரச் சுரங்கக் கல்லூரியில் ஒரு குழு இதே ஒற்றை அறைக் கலங்களைப் புகைக்காக ஆராய்ந்து வந்திருக்கிறது. பிரெஞ்சு உறவு என்றால் நமக்கு மஞ்சள் சுவரும் கடற்கரைச் சாலைப் புகைப்படமும் போதும் என்றாகிவிட்டது. இப்படி ஒரு ஆய்வகத்தோடு மாணவர் பரிமாற்றம் வைத்தால் அந்த உறவுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புகைக்குள் கலத்தை வைத்தால் எந்தப் பாகம் முதலில் போகும்? நடு அடுக்கு இல்லை. அதற்குச் சான்று எங்கள் ஒர்க்ஷாப் மேசைமேலேயே கிடக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதி வந்த பிறகு விற்கும் வண்டிகளின் எக்ஸாஸ்ட் பைப்பில் ஒரு ஆக்சிஜன் சென்சார் திருகியிருக்கும். பலவற்றில் அதன் உள்ளே இருப்பது சிர்கோனியா செராமிக், இரண்டு பக்கமும் பிளாட்டினம் மின்வாய். உங்கள் கலத்தின் நடு அடுக்கும் இதே சிர்கோனியா குடும்பம்தான். எஞ்சின் சூடானதும் சென்சார் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தால், பெட்ரோல் கூடுதலாகப் போகும்போது 0.8, 0.9 வோல்ட் காட்டும். காற்று கூடினால் 0.1-க்கு இறங்கும். தம்பியின் பையன்கள் இதை தினமும் பார்க்கிறார்கள். புகைக்குள் மின்சாரம் உண்டாக்கும் செராமிக் 1976-லேயே போஷ் நிறுவனத்தின் கையால் வால்வோ காரில் ஏறிவிட்டது. அது பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடித் தாக்குப்பிடிக்கிறது.

அப்படியென்றால் அந்தச் சென்சாரையே பெரிதாக்கிக் கலமாக்கிவிடலாமே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. சென்சாரிடம் நாம் கேட்பது தகவல் மட்டும். மின்னோட்டம் ஏறக்குறைய எடுப்பதே இல்லை. கலத்திடம் ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் கேட்கிறோம். அதற்கு மின்வாய் வாயுவை உள்ளே விடும் நுண்துளைகளோடு, அயனியும் எலக்ட்ரானும் ஓடக்கூடியதாக, வேதிவினையையும் வேகமாக நடத்துவதாக இருக்க வேண்டும். பிளாட்டினத்தால் அவ்வளவு பரப்பை மூடக் கட்டுப்படியாகாது. மூடினாலும் அது எரிபொருளையும் ஆக்சிஜனையும் தன் மேற்பரப்பிலேயே சேர்த்து எரித்துவிடும். சூடு வரும், மின்சாரம் வராது. ஆக, எல்லாம் மின்வாய்ப் பொருளில் வந்துதான் நிற்கிறது. இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனோடை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் கையில் எடுப்பது நிக்கல், கூடவே கடோலினியமோ சமேரியமோ சேர்த்த சீரியம் ஆக்சைடு. நிக்கல் நல்ல வேலைக்காரன். ஹைட்ரோகார்பனை உடைத்து ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாகப் பிரித்துக் கொடுக்கும். விலையும் தாங்கும். ஆனால் எஞ்சினை அணைக்கும்போது என்ன நடக்கிறது? எரியும் வாயு நின்றுவிடும். இன்னும் சூடு ஆறாத பைப்புக்குள் வெளிக்காற்று நுழையும். நிக்கல் நிக்கல் ஆக்சைடாகும், பருமன் மூன்றில் இரண்டு பங்கு கூடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் திரும்ப நிக்கலாகிச் சுருங்கும். கடலோரத்தில் உப்பு ஏறிய சுவரின் பூச்சு உப்பி உப்பி உதிர்வதைப் போல அந்த அடுக்கும் ஒருநாள் உதிரும். ஆய்வகத்தில் இரவு பகலாக ஒரே வெப்பநிலையில் வைத்து இருநூறு மணி நேரம் ஓட்டினேன் என்று எழுதுகிறீர்கள். மெச்சுகிறேன். எங்கள் மீன் மார்க்கெட் ஜெனரேட்டரைக் கரண்ட் போகும்போது போடுவார்கள், வந்ததும் அணைப்பார்கள். ஒரு நாளில் எத்தனை தடவை என்பது மின்வாரியத்தின் கையில் இருக்கிறது. இருநூறு மணி நேரம் பெரிதில்லை. எத்தனை தடவை ஸ்டார்ட், எத்தனை தடவை ஸ்டாப் என்பதுதான் எங்களுக்கு வேண்டிய எண்.

அடுத்தது கந்தகம். நிக்கல் மேற்பரப்பில் சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) ஹைட்ரஜன் சல்ஃபைடு போதும், வினை நடக்கும் இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். பி.எஸ்.6 பெட்ரோல், டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்குள் வந்துவிட்டது. புகையில் காற்றோடு கலந்து நீர்க்கும்போது அது ஒரு பிபிஎம்முக்கும் கீழே போய்விடும். பத்து வருஷத்துக்கு முன் இருந்ததைவிட நல்ல நிலைமைதான். ஆனால் மண்ணெண்ணெயில் கந்தகம் இதைவிடப் பல மடங்கு அதிகம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பழைய ஜெனரேட்டர்கள் திருவிழாக் கடைகளில் இன்னும் ஓடுகின்றன. எரிபொருளோடு கதை முடியவில்லை. என்ஜின் ஆயிலில் தேய்மானத்தைக் குறைக்கத் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த பொருள் கலக்கிறார்கள். ரிங் தேய்ந்த எஞ்சின் ஆயில் குடிக்கும். அந்தப் பாஸ்பரஸ் புகையோடு வந்து நிக்கலைப் பிடித்து நிக்கல் பாஸ்ஃபைடாக்கும். ஒர்க்ஷாப்புக்கு வரும் எஞ்சின்களில் ஆயில் குடிக்காதவை குறைவு. சிலிண்டர் ஹைட்ரஜனில் இந்தப் பாஸ்பரசை எங்கே தேடுவீர்கள்?

இன்னொன்று சிலிகான். கேஸ்கெட்டுக்குச் சிலிகான் பேஸ்ட் தடவும் பழக்கம் எல்லா மெக்கானிக்குக்கும் உண்டு, எங்கள் பையன்களுக்கும் உண்டு. தாராளமாகத் தடவினால் அதன் ஆவி புகையில் கலந்து, ஆக்சிஜன் சென்சார்மேல் வெள்ளையாகச் சிலிக்கா படிந்துவிடும். சென்சார் மந்தமாகும். உங்கள் மின்வாயின் நுண்துளைகளும் அதே போல அடைபடும். எந்த ஆய்வறிக்கையிலும் கேஸ்கெட் பேஸ்ட் என்ற சொல்லை நான் பார்த்ததில்லை.

நிக்கல் ஒத்துவராது என்றால் வேறு வழிகளும் உண்டு. பென்சில்வேனியாவில் கோர்ட்டே, வோஸ் குழு 2000-இல் தாமிரமும் சீரியம் ஆக்சைடும் வைத்து ஹைட்ரோகார்பனிலேயே நேரடியாகக் கலத்தை ஓட்டிக்காட்டியது. ஹைட்ரோகார்பனில் ஓடும்போது நிக்கல்மேல் கரி படியும், தாமிரத்தில் படியாது. ஆனால் அதிகச் சூட்டில் தாமிரம் திரண்டுவிடும். 2003-இல் ஸ்காட்லாந்தில் தாவோவும் இர்வினும் லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், குரோமியம், மாங்கனீசு கலந்த ஆக்சைடு ஆனோடைக் கொண்டுவந்தார்கள். இது முதலிலிருந்தே ஆக்சைடு. எஞ்சினை அணைத்தாலும் போட்டாலும் நிக்கல் போல உப்பிச் சுருங்காது. வினைவேகமும் மின்கடத்தலும் நிக்கலுக்கு ஈடாகாது. என் கட்சி இந்தப் பக்கம்தான். அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டு ஓடும் இடத்தில், கொஞ்சம் மந்தமாக ஆனால் நின்று வேலை செய்பவன் போதும்.

கேத்தோடு பக்கம் வந்தால் ஒரு நட்சத்திரத்தின் கதை சொல்ல வேண்டும். பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட், இரும்பு நான்கும் கலந்த ஆக்சைடு. ஷாவோ, ஹைல் இருவரும் 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். 600 டிகிரியிலேயே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வாட் வரை எடுத்துக்காட்டியதும் உலகமே அதன் பின்னால் ஓடியது. இங்கேயும் அதை வைத்து எத்தனை முனைவர் பட்டங்கள் வந்திருக்குமோ! ஆனால் அதற்குக் கார்பன் டைஆக்சைடு ஆகாது. பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் கார்பனேட்டாகி மேற்பரப்பை மூடிவிடும். பெட்ரோல் புகையில் கார்பன் டைஆக்சைடு 12, 13 சதவீதம். அதாவது பரிசு வாங்கிய பொருளை, அதற்கு விஷமான வாயுவிலேயே குடிவைக்கிறோம். புகைக்கான கலம் என்று தலைப்பு வைத்துவிட்டு இந்தக் கேத்தோடைப் பயன்படுத்துபவர்களை நான் இன்னும் பார்க்கிறேன்.

லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட், இரும்பு சேர்ந்த கேத்தோடு இதைவிடத் தாங்கும். அதிலும் ஸ்ட்ரான்ஷியம் மெல்ல மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. வந்ததும் கந்தக டைஆக்சைடு அதைப் பிடித்து சல்ஃபேட்டாக்கும். சிர்கோனியாவோடு நேரடியாக ஒட்டினால் நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு படலமும் உண்டாகும். அதனால் இடையில் சீரியம் ஆக்சைடு அடுக்கு போட வேண்டியிருக்கிறது. விரிவிலும் தகராறு. சிர்கோனியா டிகிரிக்குப் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குக் கொஞ்சம் மேல் விரியும், இது பதினைந்துக்கு மேல். அதற்குமேல் ஒற்றை அறைக் கலத்தில் இன்னொரு கோளாறு: கோபால்ட் உள்ள கேத்தோடுகள் எரிபொருளை எரிப்பதிலும் கெட்டிக்காரர்கள். ஆக்சிஜனை மட்டும் பார்த்துக்கொள் என்றால் கேட்காது. மாங்கனீசு வகை அடக்கமானது, கார்பன் டைஆக்சைடிலும் நிற்கும். ஆனால் 600 டிகிரியில் தூங்கும், சுறுசுறுப்பாக வேலை செய்ய இன்னும் ஒன்றிரண்டு நூறு டிகிரி கேட்கும்.

லாந்தனம் நிக்கலேட் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஸ்ட்ரான்ஷியமும் கிடையாது, கோபால்ட்டும் கிடையாது. காகிதத்தில் பார்த்தால் எங்கள் ஊர்ப் புகைக்கு ஏற்ற மாப்பிள்ளை. நிஜத்தில் எப்படி என்று பார்க்கத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

இதற்கெல்லாம் மேலே குரோமியம். சூடான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலிருந்து, அதுவும் நீராவி இருந்தால், குரோமியம் ஆவியாகக் கிளம்பிக் கேத்தோடில் போய்ப் படியும். எக்ஸாஸ்ட் பைப் ஸ்டீல், புகையில் நீராவி பத்து சதவீதத்துக்கு மேல். ஆய்வகத்தில் கலத்தைக் குவார்ட்ஸ் குழாய்க்குள் வைக்கிறீர்கள். குவார்ட்சில் குரோமியம் ஏது?

உப்பைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊர் எஞ்சின் குடிக்கும் காற்றே உப்புக் காற்று. கப்பல்களின் காஸ் டர்பைன்களில் கடல் உப்பும் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்ஃபேட்டாகி நிக்கல் உலோகக் கலவைகளையே தின்றுவிடுவது பழைய கதை. சின்ன எஞ்சின் புகையில், 600 டிகிரியில், நுண்துளை நிறைந்த செராமிக்கில் அது என்ன செய்யும்? இதை ஜெர்மனியிலோ கொல்கத்தாவிலோ உட்கார்ந்து பார்ப்பதைவிடக் கடலூரில் பார்ப்பதுதான் பொருத்தம். இது நமக்கே உரிய கேள்வி.

இனி எந்த எஞ்சின் என்பதைப் பேசிவிடுவோம், ஏனென்றால் இங்கேயும் ஆய்வறிக்கைகள் பொத்தாம்பொதுவாக ‘எஞ்சின் புகை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. ஃபைபர் படகும் விசைப்படகும் ஓடுவது டீசலில். டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றை இழுக்கும். அதன் புகையில் ஆக்சிஜன் ஏராளம், கார்பன் மோனாக்சைடு சில நூறு பிபிஎம்தான், சூடும் குறைவு, கரியோ அதிகம். அங்கே கலம் வைத்து மின்சாரம் எடுப்போம் என்பது வெறும் ஆசை. சூட்டை மீட்க வேறு வழிகள் உண்டு, புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவே ஒரு வழி. பி.எஸ்.6 டூவீலரில் சென்சார் பார்த்துப் பார்த்துக் கலவையைச் சரிசெய்கிறார்கள், மிச்சத்தை வினையூக்கி எரித்துவிடுகிறது.

மிஞ்சுவது சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர். மாசிமகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கடைக்கு ஒன்றாக இரையுமே, அது. கார்புரேட்டர், காற்றால் குளிரும் எஞ்சின், ஒரே வேகம், பெரும்பாலும் வினையூக்கி கிடையாது. எஞ்சின் சூடேறாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் தூக்கலாகவே வைத்திருப்பார்கள். மணிக்கு அரை லிட்டர் குடிக்கும் ஒரு ஜெனரேட்டருக்கு நான் கணக்குப் போட்டேன். புகையில் கார்பன் மோனாக்சைடு 4 சதவீதம், ஹைட்ரஜன் அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், எரியாமல் போகும் ஆற்றல் சுமார் 700 வாட். அந்த ஜெனரேட்டர் பல்புகளுக்குக் கொடுக்கும் மின்சாரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! அதில் பத்தில் ஒரு பங்கை மீட்டால்கூட 70 வாட். கடைக்கு ஒரு ஃபேன் ஓடும்.

இங்கே ஒரு சிக்கலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் தூக்கலான புகையில் ஆக்சிஜன் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அத்தனை எரிபொருளையும் பயன்படுத்த அது போதாது. ஒற்றை அறை இங்கே பட்டினி கிடக்கும். குழாய் வடிவக் கலத்தின் உள்ளே புகை, வெளியே காற்று என்று வைப்பதுதான் வழி. அப்படி வைத்தால் கேத்தோடு புகைக்குத் தப்பித்துவிடும், ஆனோடு முழு அடியையும் வாங்கும். பொருள் தேர்வே மாறிவிடுகிறது பாருங்கள். எந்த எஞ்சின் என்று முடிவு செய்யாமல் எந்தப் பொருள் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னால் அவன் சிரிக்கிறான். “அண்ணே, கார்புரேட்டர் ஸ்க்ரூவை அரைச் சுத்து திருகினா பாதிப் புகை போயிடும். அதுக்கு எதுக்கு நிக்கலும் லாந்தனமும்?” அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒழுங்காக டியூன் செய்த எஞ்சினில் மீட்க அதிகம் இருக்காது. இந்தக் கலத்தால் கடலூரின் பெட்ரோல் செலவு குறையப்போவதில்லை. பிறகு எதற்கு இந்த வேலை? அழுக்கு வாயுவில் நிற்கும் மின்வாய் எது என்பது தெரிந்தால் சாணவாயு, மரவாயு, கழிவுநீர் வாயு எல்லாவற்றிலும் ஓடும் கலங்களுக்கு அது உதவும். அங்கேயும் கந்தகம், ஈரம், நின்று நின்று ஓடுவது எல்லாம் உண்டு. எஞ்சின் புகை அதற்குக் கிடைக்கும் மலிவான, கடுமையான தேர்வு மையம். அதனால்தான் நீங்கள் தொடர வேண்டும் என்கிறேன். மானிய விண்ணப்பத்திலும் இப்படியே எழுதினால் நல்லது. எஞ்சின் மைலேஜ் கூடும் என்று எழுதினால் நாங்கள் நம்ப மாட்டோம்.

என் யோசனை இதுதான். பத்து மில்லிமீட்டர் அகல வில்லைகளாகச் செய்யுங்கள்: சிர்கோனியா மேல் பூசிய கேத்தோடு, ஆனோடு வகைகள் எல்லாம். அவற்றை வலைக்கூண்டில் வைத்து எஞ்சின் வாசலிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் எக்ஸாஸ்ட்டில் பொருத்த வேண்டும். சைலன்சர் முனையில் வைத்தால் சூடு இறங்கிவிடும், சோதனை பொய்யாகிவிடும். கூண்டுக்கும் பைப்புக்கும் லேத் வேலை, வெல்டிங் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்திலேயே வெப்பநிலை பதியும் ஒரு தெர்மோகப்பிள். பாதி வில்லைகள் பெட்ரோல் ஜெனரேட்டரில், பாதி படகு டீசலில். டீசலில் மின்சாரம் வராது என்று நானே சொன்னேன். ஆனால் கந்தகம், உப்பு, கரி, அதிர்வு எல்லாம் ஒருசேரக் கேத்தோடை என்ன செய்யும் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. டர்போ உள்ள எஞ்சினில் மட்டும் டர்போவுக்கு முன்னால் வைக்காதீர்கள். வில்லை உடைந்து பறந்தால் டர்போவின் இறக்கை போய்விடும், அப்புறம் உரிமையாளர் நம்மைத் துறைமுகத்துக்குள் விடமாட்டார்.

மின்னோட்டம் ஓடாத வில்லையும் ஓடும் கலமும் ஒன்றல்ல என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். குரோமியம் படிவது மின்னோட்டம் ஓடும்போது வேறு மாதிரி இருக்கும். ஆனால் மின்னோட்டமே இல்லாமல் மூன்று மாதத்தில் உதிர்ந்துபோகும் பொருளை வைத்துக் கலம் கட்டுவதில் பயனில்லையே. முதல் சல்லடை இது, கடைசிச் சல்லடை உங்களுடையது. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவி, மின்னணு நுண்ணோக்கி எல்லாம் உங்கள் வளாகங்களில் இருக்கின்றன. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, ஆலோசனை கேட்கத் தூரமில்லை.

பணம் என்று தயங்காதீர்கள். லாந்தனத்தையும் சீரியத்தையும் அருமண் என்கிறார்கள், ஆனால் அருமை பெயரில் மட்டும்தான். அவை இருக்கும் மோனசைட் என்ற கனிமம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறது. வில்லைக்குத் தேவைப்படுவது சில கிராம். செலவு பொருளில் இல்லை, பொறுமையில்தான்.

முடிவுகளை வெளியிடும்போது செத்த வில்லைகளையும் சேர்த்தே வெளியிடுங்கள். எது எத்தனை மணி நேரத்தில், எத்தனை ஸ்டார்ட்டில், எந்த ஆயிலில், எந்த எரிபொருளில் போனது என்று எழுதுங்கள். உச்சகட்ட மில்லிவாட்டை மட்டும் தலைப்பில் போட்டு, பிழைத்த காலத்தை இணைப்பில் ஒளித்துவைக்க வேண்டாம். இதழ்கள் தோல்வியை அச்சிடாது என்று சொல்வீர்கள். துறை இணையப் பக்கத்தில் தமிழிலேயே போடுங்கள், நாங்கள் படிக்கிறோம். ஒர்க்ஷாப் ஆட்களின் குறிப்பையும் அதில் சேருங்கள். எந்த எஞ்சின் எப்போது ஆயில் குடிக்க ஆரம்பித்தது என்பது உங்கள் கருவியைவிட அவர்களுக்கு முதலில் தெரியும்.

காலமும் தோதாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில், எஞ்சின்கள் ஓவர்ஹாலில். பைப்பைக் கழற்றிக் கூண்டு வைக்க அதைவிட வசதியான நேரம் கிடையாது. ஜூனில் கடலுக்குப் போகும் படகு வில்லைகளோடு போகட்டும். அடுத்த தடைக்காலத்தில் மறுபடி கழற்றும்போது ஒரு பருவம் முழுக்கப் புகை குடித்த வில்லைகள் உங்கள் கையில் இருக்கும். உலகத்தில் எந்த ஆய்வகமும் இப்படி ஒரு நாட்காட்டியை இலவசமாகத் தராது. ஜெனரேட்டர் வில்லைகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு இந்த மாவட்டமே ஜெனரேட்டரில் ஓடிய நாள்கள் உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே ஜெனரேட்டருக்குப் பஞ்சமில்லை.

படகு உரிமையாளர்கள் சிலரிடம் பேசி வைத்திருக்கிறேன். ஒருவர் மட்டும் வில்லையால் மைலேஜ் குறையுமா என்று கேட்டார். கூண்டு சிறியது, பின்னழுத்தம் பெரிதாக ஏறாது என்றேன். ஏறினால் கழற்றிவிடுவேன் என்றார். அதுவும் சரிதான். வில்லைகளை மார்ச் மாதக் கடைசிக்குள் அனுப்பிவிட்டால், கூண்டு அளவு பார்த்து லேத்தில் வேலை முடித்து, தடைக்காலம் தொடங்கிய முதல் வாரத்திலேயே பொருத்திவிடலாம். வரும் மாணவர்கள் பழைய சட்டை போட்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்,
கடலூர் முதுநகர்